படுகளத்து மண்

எங்கள் ஊரில் மண் லாரியைக் கண்டால் கை காட்டாத ஆள் கிடையாது. வீட்டுத் தரை தாழ்வாக இருக்கும், மழை வந்தால் தண்ணீர் உள்ளே ஏறும், மாட்டுக் கொட்டகை சேறாகும். யாராவது ஒருவர் வண்டிக்கு முன்னால் போய் நின்று, ஒரு லோடு அடித்துவிட்டுப் போகச் சொல்வார். டிரைவரும் டீசல் மிச்சம் என்று கொட்டிவிட்டுப் போவான். அது எந்த இடத்து மண் என்று கேட்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. சுரங்கத்தைச் சுற்றிப் பிழைக்கிறவர்களுக்கு மண் என்றால் எங்கோ வெட்டுவார்கள், எங்கோ கொட்டுவார்கள், அவ்வளவுதான். இந்தக் கேட்காத புத்தியைத்தான் கான்ட்ராக்டர் சிங்காரவேல் பார்த்து வைத்திருந்தான். அவனை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மரியாதையான வார்த்தை வருவதில்லை. அவன் இவன் என்றுதான் சொல்வேன்.

என் பெயர் செந்தாமரை. நெய்வேலி டவுன்ஷிப்பில் பிளாக் கூட்டும் கான்ட்ராக்ட் வேலை. விடிகிற நேரத்தில் பஸ் பிடித்துப் போய், குவார்ட்டர்ஸ் தெருக்களைக் கூட்டி முடித்துவிட்டு, பிள்ளைகள் விளையாடும் பார்க்கையும் கூட்டுவேன். ஊஞ்சலுக்குக் கீழே சின்னக் கல் கிடந்தால்கூட சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். குழந்தை விழுந்தால் முட்டி பெயர்ந்துவிடுமாம். நியாயம்தான், பொறுக்கி எடுப்பேன். அதே நேரத்தில் என் மகள் எழில்மதி, முத்தாண்டிக்குப்பம் போகும் வழியில் இருக்கும் எங்கள் தெருவில், பூட்டிக்கிடந்த பேட்டரிப் பட்டறையின் மதிலோரம் கட்டம் போட்டு நொண்டியடித்துப் பாண்டி ஆடிக்கொண்டிருப்பாள்.

பழைய லாரி, பஸ் பேட்டரிகளை உடைத்து ஈயத்தை உருக்கி எடுத்த தனியார் பட்டறை அது. ஓடிய காலத்தில் புகைக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவைத்தோம். மண்ணுக்குப் பயப்பட எங்களுக்குத் தெரியவில்லை. முதலாளி ஒரு நாள் பூட்டுப் போட்டுவிட்டு ஊரைவிட்டே போய்விட்டான். உடைத்த பேட்டரிப் பெட்டியின் கறுப்புத் துண்டுகள் மட்டும் மதிலைச் சுற்றிச் சிதறிக் கிடந்தன. பாண்டி ஆட அதைப் போலச் சில்லு கிடைக்காது. தட்டையாக இருக்கும், எறிந்த கட்டத்திலேயே நிற்கும். தெருப் பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் ஒன்று இருந்தது. எழில்மதி அதை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் பாவாடையைத் தூக்கிச் சொருகுவாள். நான் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

பிறகு அவளுக்கு அடிக்கடி வயிறு வலித்தது. சோறு இறங்கவில்லை. நேற்றுச் சொல்லிக்கொடுத்த வாய்ப்பாடு இன்றைக்கு நினைவில் நிற்கவில்லை. வாத்தியார் மக்கு என்றார். புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, ரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறது என்றார்கள். மருந்து கொடுத்தார்கள். ஆனால் அந்த மண் இனி பிள்ளையின் வாய்க்குள் போகவே கூடாது, போனால் மூளை பழைய நிலைக்குத் திரும்பாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார். பக்கத்து வீட்டுக் கனகத்தின் மகனுக்கும் இதே கதைதான்.

அந்தப் பட்டறை இடத்தைச் சுத்தம் பண்ணச் சொல்லி நாங்கள் போகாத ஆபீஸ் இல்லை. கடைசியில் பொம்பளைகளாகச் சேர்ந்து ரோட்டில் உட்கார்ந்தோம். சுரங்கத்து ஷிப்ட் பஸ்கள் வரிசையாக நின்ற பிறகுதான் அதிகாரிகளுக்குக் காது கேட்டது. மேல்மண்ணை இடுப்பளவு ஆழத்துக்கு வெட்டி எடுப்பது, சென்னைக்கு வடக்கே நச்சு மண்ணைப் புதைப்பதற்கென்றே கட்டிய குழிக்கு அதை அனுப்புவது, பிறகு நல்ல மண் போட்டு அங்கன்வாடியும் ஊஞ்சல் வைத்த பார்க்கும் கட்டிக்கொடுப்பது என்று முடிவானது. ஊஞ்சல் என்று கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலை சிங்காரவேலுக்குப் போனது.

அவன் வேலை செய்த அழகைப் பார்க்க வேண்டுமே. ஆட்களுக்கு முகமூடி, கையுறை, லாரிக்குத் தார்ப்பாய். மண் ஏற்றிய வண்டிகள் வரிசையாகக் கிளம்பி வடக்கே போனதை நானே பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எங்கள் பிள்ளைகளுக்குக் கெட்டகாலம் முடிந்தது என்று கனகத்திடம் சொன்னேன். இப்போது அதை நினைத்தால் என் வாயிலேயே நான் போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அந்த வருஷம் திரௌபதி அம்மன் திருவிழா வந்தது. எங்கள் பக்கத்தில் பாரதக் கூத்து முடிகிற அன்று காலையில் படுகளம் நடக்கும். துரியோதனனை மண்ணால் மல்லாக்கப் படுத்த மாதிரி செய்து வைப்பார்கள். சின்னச் சிலை இல்லை, நாற்பதடி நீளத்துக்கு ஒரு மண்மேடு. கூத்தில் பீமன் வேஷம் கட்டியவர் அதன் தொடையில் கதாயுதத்தால் அடிப்பார். உள்ளே புதைத்திருக்கும் சட்டியிலிருந்து சிவப்புத் தண்ணீர் பீறிடும். அதைத் தொட்டு அம்மன் கூந்தலை முடிவாள். அதோடு கூட்டம் பாயும். ஆளுக்கு ஒரு பிடி மண்ணை முந்தானையிலும் துண்டிலும் முடிந்துகொண்டு போவார்கள். அரிசிப் பானையில் போடுவார்கள், மாட்டுக் கொட்டகையில் தூவுவார்கள். வீட்டில் குழந்தைக்கு வயிறு வலித்தால் வருஷம் பூராவும் அதில்தான் ஒரு சிட்டிகை தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள். எழில்மதிக்கு வயிறு வலித்தபோது நான் முதலில் கொடுத்த மருந்தும் அதுதான்.

எப்போதும் ஏரியில்தான் மண் எடுப்போம். அந்த வருஷம் ஏரியில் மண் எடுக்க அனுமதிச் சீட்டு வேண்டும் என்று கெடுபிடி. கோயில் தருமகர்த்தா சக்கரபாணி, என் வீட்டுக்காரருக்குத் தாய்மாமன், சிங்காரவேலின் லாரியை மறித்துக் கை காட்டினார். அவன் சிரித்த முகமாக, சாமி காரியத்துக்கு இல்லாத மண்ணா என்று சொல்லிவிட்டான். சொன்ன மறுநாளே வண்டி வண்டியாக மண் வந்து இறங்கியது. படுகள மண் உபயம் சிங்காரவேல் என்று, அவன் கும்பிடுகிற படத்தோடு, கோயில் வாசலில் பிளெக்ஸ் வைத்தார்கள்.

படுகளத்தன்று காலை என் வீட்டுக்காரர் வேணு தீ மிதிக்கக் காப்புக் கட்டியிருந்ததால், மஞ்சள் வேட்டியோடு குளத்துப் பக்கம் இருந்தார். நான் பொங்கல் பானையை இறக்கிவிட்டு மகளைத் தேடினேன். கோயிலுக்குப் பின்னால் நாலைந்து பிள்ளைகளோடு பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். ஒற்றைக் காலில் நொண்டி வந்து, குனிந்து சில்லை எடுத்து, வழக்கம்போல வாயில் கவ்வினாள்.

கறுப்புச் சில்லு. தட்டையாக, ஓரத்தில் பேட்டரிக் கம்பெனியின் பாதி எழுத்தோடு. நான் ஓடிப்போய் அவள் வாயிலிருந்து பிடுங்கினேன்.

"இது எங்கடி கெடச்சுது?"

"துரியோதனன் கால்லேர்ந்து எடுத்தேம்மா. அங்க நெறைய கீது."

படுகளத்துக்குப் போய்ப் பார்த்தேன். சிவப்பும் மஞ்சளும் பூசி, மீசை முறுக்கி, துரியோதனன் அழகாகப் படுத்திருந்தான். சாயம் பூசாத பக்கவாட்டில் விரலை விட்டுத் தோண்டினேன். ஒரு சில்லு வந்தது. இன்னும் கொஞ்சம் தோண்டினால் இன்னொன்று. சாம்பல் நிறக் கசடு கட்டிகட்டியாக வந்தது. நாங்கள் ரோட்டில் உட்கார்ந்து வெட்டச் சொன்ன அதே மண். முகமூடி போட்டுக்கொண்டு வெட்டிய அதே மண். தார்ப்பாய் மூடி ஊர்வலம் போல வடக்கே போன மண், எங்கேயோ சுற்றிக்கொண்டு அம்மன் சந்நிதிக்கே வந்து படுத்துக்கொண்டிருந்தது.

சக்கரபாணி மாமாவிடம் ஓடினேன். சில்லைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் செத்துப்போனது. புரியாமல் இல்லை, நன்றாகவே புரிந்தது. ஆனால் சுற்றுமுற்றும் பார்த்தார். பத்து ஊர் ஜனம் வந்திருந்தது. கூத்துக்காரர்கள் கிரீடம் கட்டி நின்றார்கள்.

"இன்னிக்கி வாயத் தொறக்காத செந்தாமர. அம்மங்காலடிக்கு வந்துட்டா எல்லாம் சுத்தமாயிடும்" என்றார்.

"ரத்தத்துல ஏறுனது சுத்தமாவலியே மாமா."

அவர் மேளக்காரரைப் பார்த்துக் கை அசைத்தார். மேளம் கிளம்பிவிட்டது. என்ன மனுஷர்கள் இவர்கள். திருவிழா கெடக்கூடாது, பிள்ளைகள் கெட்டால் பரவாயில்லை.

பீமன், துரியோதனன் வேஷக்காரர்கள் மண்ணுடம்பைச் சுற்றி ஓடினார்கள். கூட்டம் நெருக்கியது. முன்வரிசை முழுக்கக் கைக்குழந்தைகளோடு பொம்பளைகள், எல்லோர் கையிலும் காலியான டப்பா, துணி. நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போய்த் துரியோதனனின் நெஞ்சின்மேல் ஏறி நின்றேன். தொண்டை கிழியக் கத்தினேன். இது விஷம், யாரும் தொடாதீர்கள் என்றேன்.

நடந்தது என்ன தெரியுமா? குலவை போட்டார்கள். படுகளத்தில் பொம்பளைக்குச் சாமி வருவது சகஜம். ஒருத்தி ஓடிவந்து என் கையில் வேப்பிலையைத் திணித்தாள். பூசாரி என் நெற்றி நிறையத் திருநீறு பூசினார். நான் கத்தக் கத்த, உடுக்கைக்காரன் இன்னும் வேகமாக அடித்தான். ஒரு பெரியவர் கைகூப்பி, ஆத்தா என்ன குறை சொல்லு என்று கேட்டார். எனக்குச் சாமி வரவில்லை. கோபம் வந்திருந்தது. எங்கள் ஊரில் பொம்பளைக்கு வெறும் கோபம் வரும் என்று யாருக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் சிங்காரவேலைப் பார்த்தேன். பொன்னாடை போர்த்தி முன்னால் நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் அவன் மனைவி. அவள் இடுப்பில் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய பேரன், ஒன்றரை வயசு இருக்கும். அந்தம்மா என்னைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. என் காலுக்குக் கீழே மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாமி சொன்னால்தான் கேட்பார்கள் என்றால் சாமியாகவே சொல்கிறேன் என்று முடிவு பண்ணினேன். வேப்பிலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"மொதப் புடி மண்ணு உபயக்காரனுக்கு. கரைச்சி அவன் பேரன் வாயில ஊத்து. அதுக்கப்புறம்தான் சனம் தொடணும்."

சாமி வாக்கை எங்கள் ஊரில் யாரும் தட்டமாட்டார்கள். பூசாரி நான் நின்ற இடத்தில் ஒரு பிடி கிள்ளினார், செம்புத் தண்ணீரில் கரைத்தார், பித்தளை டம்ளரில் ஊற்றி என்னிடம் தந்தார். நான் இறங்கிப் போய் அந்தம்மாவிடம் நீட்டினேன். சிங்காரவேல் குறுக்கே வந்து, குழந்தைக்குச் சளி, வீட்டுக்குப் போய்க் கொடுத்துக்கொள்கிறோம் என்றான். அந்தம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

"ஆத்தாவே வந்து குடுக்குது, நீங்க சும்மா இருங்க" என்று சொல்லி டம்ளரை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். குழந்தை வாயைத் திறந்தது.

தட்டிவிட என் இன்னொரு கை தயாராக இருந்தது. எனக்கு முன்னால் அவன் கை வந்துவிட்டது. டம்ளரை அவன் அறைந்த அறையில் அது பறந்துபோய்க் கல்லில் விழுந்து உருண்டது. அந்தம்மாவின் புடவையெல்லாம் சேற்றுத் தண்ணீர். அவன் தன் துண்டால் குழந்தையின் உதட்டைத் துடைத்தான், ஒரு சொட்டுகூட படாத உதட்டை, திரும்பத் திரும்பத் துடைத்தான்.

மேளம் தானாக நின்றது. அம்மன் பிரசாதத்தை ஒரு மனுஷன் தட்டிவிட்டதைப் பத்து ஊர் ஜனம் பார்த்தது. ஏன் தட்டினான் என்று யாரும் அவனைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. நான் முந்தானையில் முடிந்திருந்த சில்லை எடுத்து உயர்த்திக் காட்டினேன். எங்கள் தெருப் பொம்பளைகளுக்கு அது போதும். ஒவ்வொருத்தியாகப் பிள்ளையை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள்.

"பட்டற மண்ணுங்களா இது?" என்று கனகம் அவனிடம் கேட்டாள். சத்தம் போடவில்லை. அவன் பொன்னாடையை எடுத்து மடித்துக்கொண்டிருந்தான்.

"எம் வூட்டுத் தரைக்கு ரெண்டு லோடு அடிச்சீங்களே. எம்புள்ள அதும்மேலதான் படுத்துகினு கீறான்."

அப்போதுதான் ஒவ்வொருவருக்கும் நினைவு வந்தது. நானும் கேட்டேன் என்றார் ஒருவர். மாட்டுக் கொட்டகைக்கு என்றார் இன்னொருவர். பள்ளிக்கூடத்துப் பள்ளத்துக்கு அடித்தார்களே என்று யாரோ சொன்னார்கள். நாங்கள் எந்த மண்ணை விரட்ட ரோட்டில் உட்கார்ந்தோமோ, அதையே கை காட்டிக் கூப்பிட்டு எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து மிதித்து இறுக்கித் தரை போட்டிருந்தோம். குழியில் போட வேண்டியதை ஊர்மேல் போட்டுவிட்டு, எங்களிடமே கும்பிடும் வாங்கிக்கொண்டு போகிறான் என்றால், அவன் நெஞ்சு எதனால் செய்தது?

அவனை அடிக்கப் பாய்ந்தவர்களைச் சக்கரபாணி மாமாதான் தடுத்தார். தடுத்துவிட்டு, அந்தப் பிளெக்ஸைத் தன் கையாலேயே கிழித்தார். அதற்காக அவரை நான் மன்னித்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். சிங்காரவேலின் மனைவி மட்டும் கார் ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள். குழந்தையை அவன் கையில் கொடுக்காமல் முன்சீட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டாள்.

அன்றைக்கு யாரும் படுகளத்து மண் எடுக்கவில்லை. தீ மிதித்தார்கள். வேணு மிதித்துவிட்டு வந்து, துரியோதனனைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அந்த மண்ணைக் குழைக்கத் தண்ணீர் ஊற்றியவர்களில் அவரும் ஒருவர்.

டம்ளர் பறந்ததை யாரோ செல்போனில் எடுத்திருந்தார்கள். அது பரவிய பிறகு அதிகாரிகள் வந்தார்கள். ஊருக்கு வெளியே ஒரு முந்திரித் தோப்புக்குள் தார்ப்பாய் போட்டு மூடிய மண்மலைகளைக் கண்டுபிடித்தார்கள். சிங்காரவேல் என்ன வாக்குமூலம் கொடுத்தான் தெரியுமா? ஊர்க்காரர்கள் கேட்டார்கள், கொடுத்தேன் என்றான். அதை வைத்துக்கொண்டு ஒரு அதிகாரி என்னிடமே வந்து, நீங்கள் எதற்கம்மா கேட்டீர்கள் என்றார். நான் அவரைக் கேட்டேன்: கேட்டால் கொடுக்கிற பொருளா ஐயா அது? அவர் பேனாவை மூடினார். இப்போது கேஸ் நடக்கிறது. வேலை வேறு ஒருவருக்குப் போயிருக்கிறது.

அமாவாசை தாண்டியும் துரியோதனன் அப்படியே கிடந்தான். சாயம் வெளுத்து, மீசை உதிர்ந்து, சுற்றி வேலி கட்டி. புது கான்ட்ராக்டர் முதலில் கனகம் வீட்டுத் தரையைப் பெயர்த்து எடுத்தான். பிறகு பள்ளிக்கூடம். கடைசியாகத் துரியோதனனை வெட்டி லாரியில் ஏற்றினார்கள். காலில் ஆரம்பித்தார்கள்.

லாரி கிளம்புகிற நேரத்தில் நான் கதவைத் திறந்து டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அன்றைக்கு லீவு சொல்லியிருந்தேன், கட்டுச்சோறும் தண்ணீரும் கையில் இருந்தன. அடுத்த லோடுக்குக் கனகம், அதற்கு அடுத்ததுக்கு மலர்கொடி என்று பொம்பளைகள் முறை போட்டிருந்தோம். குழிவரைக்கும் போவது, கொட்டுவதைக் கண்ணால் பார்ப்பது, திரும்புவது. எழில்மதி வேலியோரம் நின்று கை ஆட்டினாள். அவள் கையில் சில்லுக்குப் பதிலாகப் புளியங்கொட்டை.

டிரைவர் நல்ல பையன், விழுப்புரம் பக்கம். சங்கடப்பட்டான்.

"அவ்ளோ தூரம் குலுக்கிகினு எதுக்கு வரீங்க அக்கா? எம்மேல நம்பிக்க இல்லியா?"

"இல்ல தம்பி" என்றேன். "வண்டிய எடு."